செத்த போர்ட்டின் பச்சைக் கண்

வியாழக்கிழமை, மார்ச் 14

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. பொம்மைத் தொழிற்சாலையின் ஸ்விட்சைப் பற்றிய குறிப்பில், "ஐந்தாவது போர்ட்: பழுது" என்று எழுதியிருக்கிறேன். அது பழுதில்லை. சொல்லப்போனால் நான் அதைப் பார்க்கவே இல்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது துப்பறிகிறவளுக்கு அழகில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஒற்றை வரியால் நாளைக் காலை ஒரு நல்ல பெண்ணின் வேலை போயிருக்கும்.

தவறைக் கண்டுபிடித்தவர் சித்தப்பா. இனி இந்த மாதம் முழுக்க எனக்கு நிம்மதி கிடையாது.

வரிசையாக எழுதுகிறேன். வரிசை விட்டால் எனக்கே புரியாது.

மாலை நெட்வொர்க் வகுப்பில் என் பெஞ்சில் உட்காருகிறவள் நெட்டையக்கா. நின்றால் வகுப்பறை டியூப்லைட்டில் தலை இடிக்கும். பகலில் அந்தப் பொம்மைத் தொழிற்சாலையில் நெட்வொர்க் முழுக்க அவள் பொறுப்பு. தொழிற்சாலையில் இரண்டு கட்டடங்கள். ஒன்றில் பொம்மையைக் கம்ப்யூட்டரில் வரைவார்கள். அந்தப் படம் கேபிள் வழியாக மற்றொரு கட்டடத்துக்குப் போகும். அங்கே பொம்மையை வார்க்கும் அச்சு செய்வார்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு ஸ்விட்ச், அதாவது கேபிள்களைச் சொருகி ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி. இவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம்.

அந்த ராஜ்ஜியத்தில்தான் திருட்டு. தலையாட்டும் ஒட்டகச்சிவிங்கி, தும்மும் யானை, திட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பூனை என்று மூன்று பொம்மைகள், இங்கே அச்சு தயாராவதற்கு முன்பே போட்டிக் கம்பெனியின் கடைகளில் உட்கார்ந்திருந்தன. படம் போகிற வழியில் யாரோ எடுக்கிறார்கள். வழியோ அக்காவின் கையில். ஸ்விட்சுக்குள் நுழையும் பாஸ்வேர்ட் வேறு யாரிடமும் இல்லை. ஆகவே முதலாளியான பெரியவர், வெள்ளிக்கிழமை காலைக்குள் திருடன் யார் என்று தெரியாவிட்டால் அவளைக் கணக்குத் தீர்த்து அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். திருடி என்ற பெயரோடு கேட்டைத் தாண்டினால் வேறு எந்தக் கம்பெனி தன் ஸ்விட்சைத் தொடவிடும்? அதனால்தான் அக்கா எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தாள்.

அலுவலகம் என்பது ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அறை. துப்பறிகிறவள் நான். உதவியாளர் என் சித்தப்பா. முன்பு டிரைவிங் ஸ்கூலில் ஆசிரியராக இருந்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மட்டும் மிதித்தே காலம் தள்ளியவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் பிரேக் சித்தப்பா. என்னை முதலாளி என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வழக்கைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் கருத்து, ஒட்டகச்சிவிங்கியைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது. அதற்குத்தான் மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கிற கழுத்து இருக்கிறதாம்.

நேற்று தொழிற்சாலைக்குப் போய் வரைகிற கட்டடத்தின் ஸ்விட்சைப் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு இரும்பு அலமாரி. அதற்குள் எட்டு போர்ட், அதாவது கேபிள் சொருகும் எட்டு ஓட்டைகள் உள்ள பெட்டி. ஒன்று முதல் நான்குவரை வேலையில் இருந்தன. ஐந்து பழுது. ஆறு, ஏழு, எட்டு காலி. இப்படி எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். சித்தப்பாவைப் படம் எடுக்கச் சொன்னேன். அவருக்குப் போட்டோ எடுக்க வராது. எதை அழுத்தினாலும் வீடியோ ஆகிவிடும்.

இன்று காலை அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே அந்த வீடியோவைப் பார்த்தார். தன் கட்டைவிரல் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பதாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"முதலாளி, ஒரு சந்தேகம். செத்தவங்க கண்ணடிப்பாங்களா?"

எனக்குப் புரியவில்லை. போனை நீட்டினார். அவருடைய கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஐந்தாவது போர்ட். அதில் சாம்பல் நிறக் கேபிள் ஒன்று சொருகியிருந்தது. அதன் தலைமேல் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது, ஊரில் உள்ள வேலையெல்லாம் தனக்குத்தான் என்பதுபோல.

நான் எப்படி இதை விட்டேன்? டீ ஆறும்வரை யோசித்தேன். பதில் எங்கள் வகுப்பறையில் இருந்தது.

எங்கள் மாலை வகுப்புக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கும் பொதுவாக, பழகுவதற்கு இரண்டு பழைய ஸ்விட்சுகள் இருக்கின்றன. ஒரு மழைநாளில் இரண்டையும் ஐந்துக்கு ஐந்து கேபிள் போட்டு இணைத்து வைத்திருந்தார்களாம். இடி விழுந்து இரண்டிலும் ஐந்தாவது போர்ட் செத்துவிட்டது. ஆசிரியர் அவற்றின்மேல் சிவப்பு டேப் ஒட்டிவிட்டார். அன்று முதல் அந்த வகுப்பில் படிக்கிற எல்லோரும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்றுதான் எண்ணுகிறோம். என் கண்ணும் அப்படியே எண்ணிவிட்டது.

சித்தப்பா இதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பள்ளம் உள்ள ரோட்டில் ஓட்டிப் பழகியவன் நல்ல ரோட்டிலும் வளைந்துதான் போவான் என்றார். உண்மைதான். ஆனால் அந்த வளைவு கண்ணோடு நிற்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவும் அதே வகுப்பில்தானே படித்தாள். ஸ்விட்சுக்குக் கட்டளை தட்டியவை அவளுடைய விரல்கள்.

தொழிற்சாலைக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரின் பின் சீட்டிலிருந்து சித்தப்பாவுக்கு அதை விளக்கினேன்.

எந்தப் படம் எந்த வழியில் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக நாம் எழுதி வைப்பது பழைய முறை. டைனமிக் ரூட்டிங்கில் ஸ்விட்சுகள் வழியைத் தாங்களே பேசித் தெரிந்துகொள்ளும். ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் 'ஹலோ' சொல்லிக்கொண்டே இருக்கும். அதே இடைவெளியில் அந்தப் பக்கமிருந்தும் ஹலோ வந்தால் போதும், அண்டை வீட்டுக்காரர் என்று சேர்த்துக்கொள்ளும். அப்புறம் ஊர்க்கதைதான். எனக்கு இந்தத் தெரு தெரியும், உனக்கு எந்தத் தெரு தெரியும் என்று எல்லா வழியையும் பகிர்ந்துகொள்ளும். அண்டை வீட்டுக்காரர் சொன்னால் அப்படியே நம்பும்.

"நம்ம தெருவுலயும் அதான் நடக்குது," என்றார் சித்தப்பா. "அதுக்கு எதுக்குக் காசு கட்டிப் படிக்கணும்?"

அதனால்தான் தேவையில்லாத போர்ட்களின் வாயை அடைக்க வேண்டும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு கட்டளை. எங்கள் ஆசிரியர் அதைப் பேசாமடந்தை ஆக்குவது என்பார். வகுப்பில் ஆறு, ஏழு, எட்டுக்கு அந்தக் கட்டளையைத் தட்டுவோம். ஐந்துக்குத் தட்டமாட்டோம். செத்தவன் வாயை எதற்கு மூட வேண்டும் என்று ஆசிரியரே சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

தொழிற்சாலையில் அக்கா எங்களுக்காக அலமாரிக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு காத்திருந்தாள். நான் எதுவும் விளக்கவில்லை. ஸ்விட்சின் அண்டை வீட்டுப் பட்டியலை எடுக்கச் சொன்னேன். ஒரே ஒரு பெயர்தான் வர வேண்டும், அச்சுக் கட்டடத்து ஸ்விட்ச். இரண்டு வந்தன. இரண்டாவதற்கு நேரே ஐந்து என்று இருந்தது.

அக்கா தன் கட்டளைகளை மேலிருந்து கீழே படித்தாள். ஆறு பேசாமடந்தை. ஏழு பேசாமடந்தை. எட்டு பேசாமடந்தை. ஐந்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு உயரமான ஆள் உட்கார்ந்தால் ஏதோ கட்டடம் இறங்கியதுபோல இருந்தது.

"நானே திறந்து வெச்சிருக்கேன்," என்றாள்.

இடிந்துபோனவர்களை எப்படித் தேற்றுவதென்று எனக்குத் தெரியாது. கேபிளைப் பின்தொடரலாமா என்று கேட்டேன்.

சாம்பல் கேபிள் சுவரில் ஓட்டை வழியாக வெளியே போயிற்று. சித்தப்பா முன்னால் நடந்தார். மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறவர் போல அதைத் தடவிக்கொண்டே போனார். நடைக்கூரையின் ஓரம், கழிவறைச் சுவர், ஒரு ஜன்னல் சட்டம். கடைசியில் பழைய பெயிண்ட் அறை. பெயிண்ட் அடிக்கிற வேலையை வெளியே கொடுத்த பிறகு அந்த அறையை யாரும் திறப்பதில்லை என்று அக்கா சொன்னாள். புதிய கேபிள் போடுவதற்கு முன்பு இரண்டு கட்டடங்களையும் இணைத்த பழைய கேபிள் அந்த வழியாகத்தான் போகுமாம். கழற்றிப் போட்டதாக நினைத்திருந்தாளாம்.

அறையில் வரிசையாகப் பெயிண்ட் டிரம்கள். எல்லாவற்றின்மேலும் விரலால் பெயர் எழுதலாம் என்கிற அளவுக்குத் தூசி. ஒன்றின்மேல் மட்டும் இல்லை.

"இவர் மட்டும் குளிச்சிருக்கார்," என்றார் சித்தப்பா.

அந்த டிரம்மின் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி. டிபன் பாக்ஸ் அளவுதான். பழைய கேபிளை நடுவில் வெட்டி அதைச் சொருகியிருந்தார்கள். ஒரு முனை இந்தக் கட்டடத்து ஸ்விட்சுக்கு, மறுமுனை அச்சுக் கட்டடத்துக்கு. அங்கேயும் ஐந்தாவது போர்ட்டில்தான் சொருகியிருந்தது. அக்கா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

விஷயம் இதுதான். கறுப்புப் பெட்டி ஐந்தாவது போர்ட்டில் ஹலோ சொல்லியிருக்கிறது. வாய் அடைக்கப்படாத போர்ட் பதில் சொல்லியிருக்கிறது. அண்டை வீடாகிவிட்டார்கள். பிறகு அந்தப் பெட்டி, அச்சுக் கட்டடத்துக்கு என் வழியாகப் போ, எனக்குக் கதவு எண் முதற்கொண்டு தெரியும் என்று சொல்லியிருக்கிறது. தெருப் பெயரைச் சொல்கிறவனைவிட வீட்டு எண்ணைச் சொல்கிறவனைத்தான் ஸ்விட்ச் நம்பும். அதன்பின் ஒவ்வொரு பொம்மைப் படமும் நல்ல கேபிளை விட்டுவிட்டு இந்த டிரம்மின் பின்னால் வந்து, நகல் எடுக்கப்பட்டு, அப்புறம் சமர்த்தாக அச்சுக்குப் போயிருக்கிறது. எதுவும் தாமதமாகவில்லை, எதுவும் தொலையவில்லை. யாருக்கும் தெரியவில்லை. பாஸ்வேர்ட் சொன்னால்தான் அண்டை வீடு என்று ஸ்விட்சைக் கறாராக வைக்கவும் வழி இருக்கிறது. அது எங்கள் வகுப்பில் அடுத்த மாதப் பாடம்.

இதுவரை எனக்கு மகிழ்ச்சிதான். இதற்கப்புறம்தான் சிக்கல்.

எந்தப் போர்ட் எப்போது விழித்தது என்று ஸ்விட்ச் குறித்து வைக்கும். இரண்டு ஸ்விட்சின் குறிப்பையும் அக்காவின் லேப்டாப்பில் பார்த்தேன். திருடன் ஆறைத் தட்டிப் பார்க்கவில்லை. ஏழையோ எட்டையோ தொடவில்லை. காலியாக இருந்த நான்கு கதவுகளில் பூட்டாத கதவு எதுவோ அதற்கே நேராக வந்திருக்கிறான், இரண்டு கட்டடத்திலும். அதாவது அக்கா ஐந்தை விட்டிருப்பாள் என்று அவனுக்கு முன்பே தெரியும். அது தெரிய வேண்டுமானால் சிவப்பு டேப்பைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் படித்திருக்க வேண்டும்.

இந்தத் தொழிற்சாலையில் எங்கள் வகுப்பில் படிப்பவர் ஒரே ஒருவர்தான்.

நான் கண்டுபிடித்த துப்பு என்னை நம்பி வந்தவளையே சுட்டிக்காட்டியது. பெரியவரிடம் இதைச் சொன்னால் நாளைவரைகூடக் காத்திருக்க மாட்டார். சொல்லாமல் விட்டால் நான் எதற்கு? பெயிண்ட் அறை வாசலில் நின்றுகொண்டு அக்காவிடமே சொல்லிவிட்டேன். மறைத்துப் பேச எனக்கு வராது.

அவள் அந்தக் கறுப்புப் பெட்டியைச் சுட்டிக்காட்டினாள்.

"படம் எல்லாமே என் ஸ்விட்ச் வழியாத்தான் போகுது. எடுக்கணும்னா நான் என் சீட்ல உக்காந்தே எடுத்திருப்பேன். டிரம்முக்குப் பின்னாடி தவழ்ந்து போய் வைக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்து? இந்த உயரத்துக்கு நான் தவழ முடியுமா, நீயே சொல்லு."

நியாயம்தான். ஆனால் கெட்டிக்காரத் திருடியும் இதையேதான் சொல்வாள். அந்த எண்ணம் வந்ததற்காக என்மேல் எனக்கே கோபம் வந்தது. இருந்தாலும் வந்தது, ஆகவே எழுதுகிறேன்.

அந்த நேரத்தில் சித்தப்பா டிரம்மின்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூலில் சிலர் வந்து, வண்டியையே தொட்டதில்லை என்று சாதிப்பார்களாம். ஏற்கனவே எங்கேயோ இடித்து லைசென்ஸ் பறிபோனவர்கள். வாயைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"சீட்ல உக்கார வெச்சு, சும்மா வேற ஏதாச்சும் பேசிட்டே இருப்பேன். வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு. வாய் சௌக்கியம்னு சொல்லும். இடது கால் தானா கிளட்சைத் தேடும்." அவர் எழுந்து பேன்ட்டின் தூசியைத் தட்டினார். "முதலாளி, வாயைக் கேக்காதே. காலைக் கேளு."

நேற்று என் கண் செய்த தவறை அதே வகுப்பில் படித்த வேறு ஒரு கையும் செய்யுமல்லவா?

இரும்பு அலமாரிக்கும் பெயிண்ட் அறைக்கும் சாவி வைத்திருப்பவர்கள் அக்காவைத் தவிர மூன்று பேர். பெரியவர், வரைகிற கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய மருமகன், பிறகு மேலாளர். தன் பொம்மையைத் தானே திருட பெரியவருக்குத் தேவையில்லை. மருமகன் வெளியூரில் பெரிய படிப்புப் படித்தவர். கம்ப்யூட்டரைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். நேற்றே அவர் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன். மேலாளரோ டிவி ரிமோட்டைக்கூடத் தன் மனைவிதான் அமுக்கித் தர வேண்டும் என்று பெருமையாகச் சொல்கிற மனிதர்.

சித்தப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் எட்டு போர்ட் உள்ள புது ஸ்விட்ச் ஒன்றும் கேபிள்களும் வாங்கி வந்தார். பெரியவரின் அறையில் உட்கார அனுமதி கேட்டோம். கேபிள்களைச் சோதிப்பதாகச் சொன்னோம். பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சம்மதித்தார். ஸ்விட்சைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை அவர் மேஜையிலேயே பிரித்தோம். குப்பை போடாதீர்கள் என்றார்.

முதலில் மருமகன் வந்தார். சித்தப்பா கண்ணாடியை மறந்து வந்துவிட்டதாகச் சொல்லி, ஐந்து கேபிளையும் சொருகித் தர முடியுமா என்று பணிவாகக் கேட்டார். மருமகன் தான் படித்த இடத்தில் இதைவிடப் பெரிய ஸ்விட்சுகளை எல்லாம் எப்படிக் கையாண்டார் என்று விளக்கிக்கொண்டே சொருகினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. முத்துப்போல வரிசை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அந்த இரண்டு கோட்டையும் அழிக்க வேண்டும்.

அவர் போனதும் சித்தப்பா எல்லாவற்றையும் உருவி மேஜையில் பரப்பினார். மேலாளர் ஏதோ கையெழுத்துக்காக உள்ளே வந்தார். சித்தப்பா அதே பாட்டைப் பாடினார். கம்ப்யூட்டர் சமாச்சாரம் எனக்கு எட்டாத ஊராச்சே என்று மேலாளர் சிரித்தார். இது வெறும் ஓட்டையில் வயரைச் சொருகுகிற வேலைதான் என்று சித்தப்பாவும் சிரித்தார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். மூத்தவனுக்குக் கணக்கு வரவில்லை, சின்னவள் பரவாயில்லை என்று மேலாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஆறு.

நான் என் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றேன். சரியாக வந்ததா என்று தெரியவில்லை.

"சார், ஒண்ணை விட்டுட்டீங்களே."

"எது, அஞ்சா? அது செத்த போர்ட்டுதா..."

அவர் அங்கேயே நிறுத்திவிட்டார். மேஜையில் பிளாஸ்டிக் உறை கிடந்தது. அதைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சித்தப்பாதான் எடுத்துச் சொன்னார்.

"ஐயா, இதை நான் கொஞ்ச நேரத்துக்கு முன்னாடிதான் கடையில வாங்கினேன். உங்க மேஜையிலதான் பிரிச்சோம். குழந்தைக்கு இன்னும் பேரே வைக்கல. அதுக்குள்ள சார் துக்கம் விசாரிக்கிறாரு."

கதவருகே நின்ற அக்கா இரண்டு அடி முன்னால் வந்தாள். அவளுடைய குரலில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள்.

"சிவப்பு டேப் ஒட்டின பெட்டியா, சார்? ஞாயித்துக்கிழமை வகுப்பா?"

மேலாளர் உட்கார்ந்தார். அக்காவை வேலைக்கு எடுத்ததே அவர்தான். அவளுடைய சான்றிதழில் தனக்குப் பழக்கமான வகுப்பின் பெயரைப் பார்த்ததும் யோசனை வந்ததாம். போட்டிக் கம்பெனியில் அச்சுப் பிரிவு முழுவதையும் தன் பொறுப்பில் விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்களாம். இந்தப் பெண் ஐந்தை மூடியிருக்க மாட்டாள் என்று நினைத்து ஒருமுறை சொருகிப் பார்த்ததாகவும், முதல் தடவையே பச்சை விளக்கு எரிந்ததாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மாணவனின் பெருமை லேசாக இருந்தது. அது எனக்கு ஏனோ மிகவும் வருத்தமாக இருந்தது.

பெரியவர் அவரைத் திட்டவில்லை. சாவிக்கொத்தை மேஜையில் வைக்கச் சொன்னார்; வைத்ததும் வெளியே போகச் சொன்னார். போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பது அவர் பாடு. பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

"கதவைத் திறந்து போட்டது நீதானே?"

"ஆமாங்க ஐயா. நான்தான்."

பெரியவர் ஸ்விட்சைக் கையில் எடுத்து ஐந்தாவது ஓட்டையை உற்றுப் பார்த்தார். அதற்குள் ஏதோ எழுதியிருப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"திறந்து போடுறது ஒரு தப்பு. உள்ள பூந்து எடுக்கிறது வேற தப்பு. ரெண்டுக்கும் ஒரே தண்டனை கொடுத்தா எனக்குத் தராசு பிடிக்கத் தெரியலைன்னு அர்த்தம். போய் மூடிட்டு வேலையைப் பாரு. நாளைக்குக் காலையில வழக்கம்போல வா."

அக்கா தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் மாடிப்படி அலமாரியைத் திறந்து, நின்ற நிலையிலேயே அந்தக் கட்டளையைத் தட்டினாள். ஐந்து, பேசாமடந்தை. அண்டை வீட்டுப் பட்டியலில் அந்நியன் பெயர் மறைந்தது. பச்சை விளக்கு மட்டும் கொஞ்ச நேரம் சிமிட்டியது, பதிலுக்குக் காத்திருப்பதுபோல. அவள் கேபிளையும் உருவிவிட்டாள். அப்புறம்தான் அழுதாள். சித்தப்பா தன் கைக்குட்டையை நீட்டினார். அதில் பெயிண்ட் அறைத் தூசி இருந்ததால் அக்காவின் முகம் பூனைப் பொம்மை மாதிரி ஆகிவிட்டது. திட்டினாலும் திரும்பிக்கொள்ளாத பூனை என்றார் சித்தப்பா. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

திரும்பும்போது எனக்கு ஒரு உறுத்தல். நல்ல துப்பறிகிறவள் நேற்றே ஐந்தாவது போர்ட்டைப் பார்த்திருப்பாள். நான் பார்க்காமல் விட்டதால்தான் அந்த வழக்கம் எவ்வளவு ஆழமானது என்று தெரிந்தது. அப்படியென்றால் இது திறமையா, அதிர்ஷ்டமா? சித்தப்பாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பிரேக் பிடித்து வண்டி நின்றால் போதும், மிதித்தது எந்தக் கால் என்று யாரும் கேட்பதில்லை என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் வேகத்தைக் குறைத்தார். அவர் வேகத்தைக் குறைத்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"முதலாளி, நம்ம ஆபீஸ்ல மூலையில ஒரு ஸ்விட்ச் இருக்கே. வகுப்புல பாடம் எடுத்தாங்கன்னு, அந்தச் சூட்டோட ராத்திரி முழுக்க உக்காந்து ரூட்டிங் எல்லாம் போட்டியே. ஜெராக்ஸ் கடைக்கும் நமக்கும் சேர்த்து."

"ஆமா."

"அதை செட் பண்ணினது யாரு?"

அந்த ராத்திரி என் விரல்கள் தட்டியது நினைவுக்கு வந்தது: ஆறு, ஏழு, எட்டு. அடுத்த சிக்னல் வரும்வரை அவர் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது.

அலுவலகத்துக்குப் போனபோது ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். மாடிப்படி ஷட்டருக்கு உள்ளே இருக்கிறது. வகுப்பும் இன்று போயிற்று. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

நாளை செய்ய வேண்டியது: கடை திறந்ததும் மாடிக்குப் போய் எங்கள் ஸ்விட்சின் ஐந்தாவது போர்ட்டைப் பேசாமடந்தை ஆக்க வேண்டும். அதற்கு முன், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.